தவிட்டு ஒத்தடம்

பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றில் 137 மாத்திரைகள் சேர்ந்திருந்தன. எல்லாமே ஒரே மாத்திரை. அட்டோர்வாஸ்டாட்டின், 40 மில்லிகிராம், கொழுப்பைக் குறைப்பது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் மனைவி அட்டையிலிருந்து பிரித்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பாள். அவள் அடுக்களைக்குத் திரும்பும் நேரம் பார்த்து அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெறும் தண்ணீரைக் குடிப்பேன். மறுநாள் கடை திறந்ததும் முதல் வேலை, கல்லாவுக்கு அடியில் இருந்த அந்த பாட்டிலில் போடுவது. ஏன் சாக்கடையில் எறியவில்லை என்று பிறகு அவள் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. அரிசிக்கடைக்காரனுக்கு எதையும் எறிய மனசு வராது. தரையில் சிந்தியதைக்கூடக் கூட்டிப் புடைத்து எடுத்து வைத்துப் பழகிய கை.

திருவாரூரில் எங்கள் கடை அப்பா காலத்திலிருந்து நடக்கிறது. பெரிய மண்டி என்று சொல்ல முடியாது. வீடுகளுக்கு 25 கிலோ சிப்பம், ஓட்டல்களுக்கு இட்லி அரிசி, மார்கழி தையில் பொங்கலுக்குப் பச்சரிசி, மற்றபடி சில்லறை. காலை எட்டு மணிக்குக் கல்லாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் இரவு எட்டு மணிக்குத்தான் எழுந்திருப்பேன். நடுவில் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். புத்தகம் படிக்கிற பழக்கமும் அங்கேயே வந்ததுதான். மதியம் இரண்டிலிருந்து நாலு வரை திருவாரூரில் யாரும் அரிசி வாங்க மாட்டார்கள்.

2021 ஆகஸ்டில் எனக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். அப்போது வயது 43. தஞ்சாவூருக்கு ஆம்புலன்ஸில் போனது, திரும்பி வந்தது, ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன். அந்தக் கதை எல்லார் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு வந்தபோது கையில் ஐந்து மாத்திரைகள் எழுதிய சீட்டு இருந்தது. அதில் ஒன்றுதான் இது.

ஒன்றரை வருடம் ஒரு தொந்தரவும் இல்லை. 2023 தை மாதம் சம்பா வரவு நேரத்தில்தான் கால் வலிக்க ஆரம்பித்தது. இரண்டு தொடையும், பிறகு இரண்டு கெண்டைக்காலும். குத்தல் இல்லை, சுளுக்கு இல்லை. உள்ளே சதை முழுக்க யாரோ பிசைந்துவிட்டுப் போன மாதிரி. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். ஆழித்தேர் வடம் பிடித்த மறுநாள் வலி.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். அலங்காரத்தோடு 96 அடி உயரம், 300 டன் எடை என்று கணக்குச் சொல்லும் தேர் அது. பின்னால் புல்டோசர் தள்ளும், சக்கரத்துக்கு ஹைட்ராலிக் பிரேக் உண்டு, ஆனாலும் முன்னால் வடம் பிடிக்க ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும். இழுக்கிறோம் என்று பெயர்; பாதி நேரம் வடத்தில் தொங்கிக்கொண்டிருப்போம். தேர் நகரும் ஒரு நொடியில் எல்லார் தொடையும் ஒன்றாக முறுக்கேறும். மறுநாள் ஊரில் பாதி ஆண்கள் மாடிப்படியைப் பக்கவாட்டில்தான் இறங்குவார்கள். அந்த வலியில் ஒரு சந்தோஷம் உண்டு. டீக்கடையில் ஒருத்தர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் இன்னொருத்தர் சிரிப்பார்.

எனக்கு வந்தது அதே வலி. ஆனால் தேர் ஓடவில்லை. சேர்ந்து சிரிக்கவும் ஆள் இல்லை.

*

ஸ்டென்ட் வைத்தவன் உடம்பைக் கேட்டுக்கொண்டே இருப்பான். இது யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம். அதற்கு முன்னால் எனக்கு உடம்பு என்று ஒன்று இருப்பதே தெரியாது. பிறகு, ஏப்பம் வந்தால் கவனம், கை மரத்தால் கவனம், படி ஏறி மூச்சு வாங்கினால் அங்கேயே நின்று எண்ணுவது. அப்படிக் காதைத் தீட்டி வைத்திருப்பவனுக்குக் கால் வலி சும்மா கால் வலியாகக் கேட்காது.

போனில் தேடினேன். நீங்களும் தேடியிருப்பீர்கள், என்ன கிடைக்கும் என்று தெரியும். பத்து நிமிடத்தில் குற்றவாளி கிடைத்துவிட்டான். ஸ்டாட்டின் மாத்திரை தசையைக் கரைக்கும் என்று ஒரு காணொளி. கொலஸ்ட்ரால் என்பதே மருந்து கம்பெனிகளின் கட்டுக்கதை என்று இன்னொன்று. 'பாரம்பரிய சிவப்பரிசி சாப்பிட்டால் மாத்திரையே வேண்டாம்' என்று என் கடைக்கு வருகிறவரே எனக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி ஒன்று. மாப்பிள்ளைச் சம்பா விற்கிற எனக்கே அனுப்புகிறார்.

ஆடிக்கு முன்னால், ஜூன் கடைசியில், நிறுத்தினேன். யாரிடமும் கேட்கவில்லை.

பத்தே நாளில் வலி குறைந்தது. அந்தப் பத்து நாளை என்னால் மறக்க முடியாது. சிப்பம் ஒன்றை நானே தூக்கி வாடிக்கையாளர் வண்டியில் வைத்தேன். "என்னண்ணே, இளவட்டமாயிட்டீங்க" என்றான் எதிர்க்கடைப் பையன். அன்றிரவு அவளிடம் சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தேன். சொல்லியிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். சொல்லவில்லை.

ஆகஸ்டில் வலி திரும்ப வந்தது. அதே தொடை, அதே கெண்டைக்கால்.

மாத்திரையை நிறுத்திய பிறகு எப்படி வரும்? இதற்கும் போனில் பதில் இருந்தது. மருந்து உடம்பில் தங்கியிருக்கிறது, முழுக்க வெளியேற மாதங்கள் ஆகும் என்று ஒருத்தர் எழுதியிருந்தார். ஆவணி போனது. புரட்டாசி போனது. பாட்டில் நிறைந்துகொண்டே வந்தது, வலி போகவில்லை. இரவில் கால்களுக்கு அடியில் ஒரு தலையணை, பிறகு இரண்டு. பிண்டத் தைலம் தேய்த்தேன், நொச்சி இலை போட்ட வெந்நீரை ஊற்றிப் பார்த்தேன். தைலம் தேய்க்கும் அந்த அரை மணி நேரம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் தீர்ப்பை மாற்றிக்கொள்ளவில்லை. சாப்பிடும்போது வலித்தால் மாத்திரை காரணம். நிறுத்தியும் வலித்தால் அந்த மாத்திரை செய்துவிட்டுப் போன சேதம் காரணம். இப்படி ஒரு வழக்கில் எதிராளி எந்தப் பக்கம் ஓட முடியும்?

*

ஐப்பசி மழையில் ஒருநாள் கடையிலிருந்து வந்து திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்தேன். எழுந்திருக்கும்போது தூணைப் பிடித்தேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து வாசனை வந்தது. தவிடு வறுபடும் வாசனை.

எங்கள் வீட்டில் இருபது வருடமாக யாரும் தவிடு வறுத்ததில்லை.

2003 ஐப்பசியில் அப்பாவுக்கு இடது தோளில் வலி. லாரி வந்த அன்று ஆள் குறைவு, அவரும் இரண்டு மூட்டை இறக்கியிருந்தார். "மூட்ட இறக்குனதுல புடிச்சுக்கிச்சு" என்றார். அவருக்கு அப்போது 52, எனக்கு 25. அம்மா இரும்புச் சட்டியில் தவிட்டை வறுத்துத் துணியில் முடிந்து கொடுத்தாள். நான்தான் ஒத்தடம் கொடுத்தேன். முதல் ராத்திரி, இரண்டாம் ராத்திரி, மூன்றாம் ராத்திரி. "எதமா இருக்கு தம்பி, இன்னும் கொஞ்சம் மேல" என்பார். மேலே என்றால் கழுத்து, தாடை. தாடை ஏன் வலிக்கிறது என்று நான் கேட்கவில்லை. நாலாம் நாள் காலை கடையில், அரிசி அட்டியில் சாய்ந்து உட்கார்ந்தபடியே போனார். சரக்கு இறக்கக் கூப்பிட்டவர்களுக்குப் பதில் வராதபோதுதான் தெரிந்தது.

மூன்று நாள் அது இதயத்தின் வலி. நாங்கள் மூட்டை வலி என்று பெயர் வைத்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அம்மா முடிச்சை எடுத்து வந்து என் தொடையில் வைத்தாள். சூடு தாங்குதா என்று கேட்டாள். தாங்குகிறது என்றேன். ரொம்ப நேரம் வைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "ஒங்கப்பாவும் மூட்டன்னுதான் சொன்னாரு. நீ எதன்னு சொல்லிக்கிட்டு இருக்கியோ எனக்குத் தெரியாது. ஒத்தடம் வேணும்னா தெனமும் குடுக்குறேன். நாளைக்கு டாக்டரப் போயிப் பாரு" என்றாள்.

*

டாக்டர் சின்ன வயசு. கேட்ட கேள்விகள் எனக்கு விசித்திரமாக இருந்தன. தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடிகிறதா? தலை வாரக் கை மேலே போகிறதா? சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனதா? வலி எவ்வளவு என்று கேட்பதைவிட பலம் இருக்கிறதா என்று பார்ப்பதிலேயே குறியாக இருந்தார். காலைத் தூக்கச் சொல்லித் தன் கையால் அழுத்தினார். இரண்டு பாதத்திலும் நாடி பார்த்தார். இதயத்துக் குழாய் அடைத்தவனுக்குக் கால் குழாயும் அடைக்கலாமாம். நடந்தால் வலித்து நின்றால் விடுகிற வலி அது. எனக்கு அப்படி இல்லை. உட்கார்ந்தால்தான் அதிகம்.

பிறகு ரத்தம். தசை சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் சிகே என்ற ஒன்று, தைராய்டு, விட்டமின் டி, கொழுப்பு. தைராய்டு சுரப்பு குறைந்தால் கொழுப்பும் ஏறும், சதையும் வலிக்கும் என்றார். ஆக மாத்திரை எழுதவும் காரணமாகி, மாத்திரைமேல் பழி விழவும் காரணமாக இருக்கக்கூடிய ஒரு நோய். எனக்கு அது இல்லை.

இரண்டாம் நாள் முடிவுகளோடு போனோம். சிகே சரியாக இருந்தது. தைராய்டு சரி. விட்டமின் டி குறைவு. டாக்டர் கடைசித் தாளில் நின்றார். முன்பு 61 இருந்த எல்டிஎல் 134.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா சார்?"

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி சொன்னாள், "நானேதான் மேடம் தெனமும் எடுத்துக் குடுக்குறேன். ஒருநாள்கூட விட்டது கெடையாது."

டாக்டர் என்னைப் பார்த்தார். மனைவியும் திரும்பிப் பார்த்தாள். வேறு வழி இல்லை, சொன்னேன். ஜூன் கடைசியிலிருந்து என்றேன்.

டாக்டர் திட்டுவார் என்று நினைத்தேன். "நிறுத்தணும்னு தோணுனா என்கிட்ட வந்திருக்கலாமே. நானே ஆறு வாரம் நிறுத்திப் பார்க்கச் சொல்லியிருப்பேன்" என்றார். நிறுத்தி, வலி போகிறதா என்று பார்த்து, திரும்ப ஆரம்பித்து, வருகிறதா என்று பார்ப்பதுதான் முறையாம். நான் பாதி சோதனையைத் திருட்டுத்தனமாகச் செய்துவிட்டு முடிவையும் நானே எழுதிக்கொண்டேன். மாத்திரையால் வரும் சாதாரண வலி நிறுத்திய சில வாரங்களில் போய்விடும். அபூர்வமாகச் சிலருக்கு மட்டும், உடம்பின் எதிர்ப்புசக்தியே தசையைத் தாக்க ஆரம்பித்து, மாத்திரையை நிறுத்தின பிறகும் நிற்காமல் போகும். அதற்கு வேறு சிகிச்சை வேண்டும். அதில் பலம் போகும், சிகே பல மடங்கு ஏறும். அவர் என்னை எழுந்து உட்காரச் சொன்னதெல்லாம் அதைத் தேடித்தான்.

"அப்ப எனக்கு என்ன மேடம்?"

"ஒண்ணா இருக்கணும்னு இல்ல சார். பன்னெண்டு மணி நேரம் சம்மணம் போட்டு உக்கார்றீங்க. நடக்குறது இல்ல. நாப்பத்தஞ்சு வயசு. பயம்."

கடைசிச் சொல்லை அவர் மற்றவற்றைப் போலவே சொன்னார், விட்டமின் டி என்பதுபோல.

வீட்டுக்கு வரும் வழியில் மனைவி பேசவில்லை. சாயங்காலம் கடைக்கு வந்து பாட்டிலை எடுத்தாள். அரிசி புடைக்கும் முறத்தில் கொட்டி இரண்டு இரண்டாக எண்ணினாள். 137 என்று அவள் எண்ணித்தான் எனக்குத் தெரியும். "தெனமும் ராத்திரி நான் கையில எடுத்துக் குடுத்தேன்" என்று மட்டும் சொன்னாள். அந்த வாக்கியத்துக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

*

பயம் என்று டாக்டர் சொன்னது எனக்கு உள்ளூர எரிந்தது. அப்படியானால் நான் நடித்தேனா? என் மகள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. அவளை விட்டு ஆங்கிலத்தில் தேடிப் படிக்கச் சொன்னேன், டாக்டரைத் தோற்கடிக்க ஏதாவது கிடைக்கும் என்று. கிடைத்தது வேறு.

லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட சோதனை அது. என்னைப் போலவே தொந்தரவு தாங்காமல் ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேர். ஆளுக்குப் பன்னிரண்டு பாட்டில், மாதம் ஒன்று. நாலு பாட்டிலில் ஸ்டாட்டின், நாலு பாட்டிலில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை, நாலு காலி. எது ஸ்டாட்டின், எது வெற்று என்று யாருக்கும் தெரியாது. தினமும் தொந்தரவுக்குப் பூஜ்யத்திலிருந்து நூறுவரை மதிப்பெண் போட வேண்டும். மாத்திரை இல்லாத மாதங்களில் சராசரி 8. ஸ்டாட்டின் மாதங்களில் 16.3. வெற்று மாத்திரை மாதங்களில் 15.4.

மகள் அதை இரண்டு முறை படித்தாள். எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. ஸ்டாட்டின் கொடுத்த தொந்தரவில் பத்தில் ஒன்பது பங்கை வெறும் மாத்திரையும் கொடுத்திருக்கிறது. நிறுத்தியதும் குறைந்ததுகூட இரண்டுக்கும் ஒன்றுபோலத்தான். என் பத்து நாள் இளவட்டம் அப்போது நினைவுக்கு வந்தது.

"அப்பா, ஒங்களுக்கு வலி இல்லன்னு இவங்க சொல்லலப்பா" என்றாள் மகள். "காலி பாட்டில் மாசத்துல எட்டு, வெத்து மாத்திரையில பதினஞ்சுன்னா அவங்களுக்கும் நெஜமாத்தானே வலிச்சிருக்கு."

2022இல் லான்செட் இதழில் வந்த இன்னொரு கணக்கு இதைவிடப் பெரியது. ஸ்டாட்டினை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட 19 சோதனைகள், ஏறத்தாழ 1,24,000 பேர். ஸ்டாட்டின் சாப்பிட்டவர்களில் தசை வலி அல்லது பலவீனம் என்று சொன்னவர்கள் 27.1 விழுக்காடு. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 26.6. அரிசிக் கணக்கில் சொன்னால், இரண்டு லாட்டிலும் நூறு மூட்டை பிரித்தால் இருபத்தேழில் வண்டு இருக்கிறது. வண்டு இருப்பது உண்மை. ஆனால் புது மில் மூட்டையால் வந்தது என்று மில்காரனோடு சண்டைக்குப் போக முடியாது. முதல் வருடத்தில் மட்டும் ஸ்டாட்டின் பக்கம் கொஞ்சம் கூடுதல்: ஆயிரம் பேருக்கு 11 பேர்.

அந்த 11 பேரை மறந்துவிடக் கூடாது. 2001இல் செரிவாஸ்டாட்டின் என்ற மாத்திரையைத் தசைச் சிதைவு மரணங்களால் உலகம் முழுக்க விற்பனையிலிருந்து எடுத்திருக்கிறார்கள். பயம் ஒன்றுமில்லாததிலிருந்து வந்ததில்லை. ஆனால் நான் அந்த 11 பேரில் ஒருவனா, மீதிக் கூட்டத்தில் ஒருவனா என்று பார்க்க எனக்குப் பொறுமை இருந்ததா என்றால், இல்லை.

*

மகள் தேடிக்கொண்டே போனதில் இந்த மாத்திரையின் பிறப்பும் கிடைத்தது. அதை எழுதாமல் விட முடியவில்லை, ஏனென்றால் அது ஒரு அரிசிக்கடையில் ஆரம்பிக்கிறது.

அகிரா எண்டோ, ஜப்பானின் வடக்கே அகிதாவில் 1933இல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பெனிசிலினைக் கண்டுபிடித்த பிளெமிங்கின் வாழ்க்கை வரலாறு படித்துப் பூசணத்தின் மேல் ஆசை வந்தவர். சாங்கியோ என்ற மருந்து நிறுவனத்தில் 1971இல் தேட ஆரம்பித்தார். பூசணங்கள் தங்களைத் தாக்கும் நுண்ணுயிர்களை விரட்ட ஏதோ சுரக்கின்றன. அவற்றில் ஒன்று கொழுப்பு உற்பத்தியாகும் முதல் கட்டங்களில் ஒன்றைத் தடுப்பதாக இருக்கக்கூடாதா என்பது அவர் கேள்வி. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பூசணங்களைச் சோதித்தார்கள். 1973இல் கிடைத்தது. கியோட்டோ நகரத்துத் தானியக் கடை ஒன்றிலிருந்து எடுத்த அரிசியில் பூத்திருந்த நீலப்பச்சைப் பூசணம். எலிகளுக்குக் கொடுத்தபோது கொழுப்பு குறையவே இல்லை. பிறகு முட்டையிடும் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், பாதிக்குப் பாதி குறைந்தது. அந்தப் பொருள் மருந்தாகக் கடைக்கு வரவில்லை, அதன் வழி வந்தவைதான் வந்தன. நான் சாப்பிட்டது ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகச் செய்தது. ஆனாலும் பரம்பரையைத் தேடிப் போனால் பெயர் தெரியாத ஒரு அரிசிக்கடைக்காரரின் பூத்துப்போன மூட்டையில் போய் முடியும்.

அந்த நீலப்பச்சை எனக்குத் தெரியும். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது கடையின் மேற்கூரைத் தகடு போய்விட்டது. மழையில் நனைந்த மூட்டைகளைப் பத்து நாள் கழித்துப் பிரித்தபோது உள்ளே வெள்ளை, பச்சை, கறுப்பு, எல்லா நிறமும் பூத்திருந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு அள்ளிக் கொட்டினோம். எத்தனை மருந்தைக் கொட்டினோமோ என்று மகள் சிரித்தாள். இதைப் படித்துவிட்டு யாரும் பூத்த அரிசியைத் தேடிப் போக வேண்டாம். அதே பூசணம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் விஷம் ஒன்றையும் சுரக்கும். வாட்ஸ்அப்காரருக்கும் ஒரு வார்த்தை. சீனாவில் அரிசியில் ஒருவகைப் பூசணத்தை வளர்த்துச் சிவப்பாக்குகிறார்கள், அதில் ஸ்டாட்டின் இருப்பது உண்மை. நம் மாப்பிள்ளைச் சம்பாவின் சிவப்பு அந்தச் சிவப்பு இல்லை.

எண்டோ 2024 ஜூனில் தன் 90ஆவது வயதில் இறந்தார். செய்தியைப் படித்தபோது கல்லாவில்தான் இருந்தேன். நாற்காலியில்.

*

ஆமாம், நாற்காலி. டாக்டர் முதலில் மாற்றியது அதைத்தான். அப்பா உட்கார்ந்த பலகையை எடுத்துவிட்டு நாற்காலி போட எனக்கு ஒரு மாதம் ஆனது. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து அட்டியைச் சுற்றி வர வேண்டும். காலையில் கமலாலயம். முதல் வாரம் வடகரை மட்டும், போய்த் திரும்ப. பிறகு இரண்டு கரை. நாலு கரையும் சுற்றி வர மாசி ஆகிவிட்டது. சில நாள் வலி குறையும், சில நாள் அப்படியே இருக்கும். நடந்ததால் வலி போய்விட்டது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. போகவில்லை. ஆனால் வலியோடு நாலு கரை சுற்ற முடிகிறது என்று தெரிந்தது.

மாத்திரையையும் மாற்றினார். 2023 டிசம்பரில் ரோசுவாஸ்டாட்டின் 5 மில்லிகிராம், ஒருநாள் விட்டு ஒருநாள். அது உடம்பில் அதிக நேரம் நிற்குமாம், அதனால் அப்படிக் கொடுக்கலாம். தினமும் ராத்திரி பத்துக்கு எத்தனை வலி என்று எழுதி வைக்கச் சொன்னார். கடைக் குறிப்பேட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். முன்பக்கம் கடன் பாக்கி, பின்பக்கம் வலி. இரண்டு மாதத்தில் மாத்திரை நாளுக்கும் மாத்திரை இல்லாத நாளுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பிறகு தினமும் ஐந்து, பிறகு பத்து, கூடவே எஸெட்டிமிப் என்ற வேறொரு வகை மாத்திரை. எல்டிஎல் 64க்கு வந்தது. இப்போது நானே அட்டையிலிருந்து எடுத்துச் சாப்பிடுகிறேன். மனைவி எடுத்துத் தருவதில்லை.

கடையில் அப்பா காலத்திலிருந்து மூட்டை தூக்குகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். நூறு கிலோ மூட்டை இருந்த காலத்து ஆள். குறிப்பேட்டில் நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு என்ன கணக்கு என்று கேட்டார். சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "எனக்கெல்லாம் ராத்திரி காலு ரெண்டும் தனியாக் கெடந்து துடிக்கும் தம்பி. காலைல மூட்டயப் பாத்ததும் தானா வந்து ஒட்டிக்கும். இத எந்த நோட்டுல எழுதுறது?" இந்த இடத்தில் அவருடைய உழைப்பைப் புகழ்ந்து ஒரு பத்தி எழுதுவது வழக்கம். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. என் காலுக்கு நாலு பரிசோதனை, அவர் காலுக்கு நாற்பது வருடத்தில் ஒன்றும் இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ரத்த அழுத்தம் ஏகத்துக்கு இருந்தது. இப்போது அவரும் மாத்திரை. மாத்திரை போட்டதிலிருந்துதான் தலை சுற்றுகிறது என்று என்னைத் திட்டுகிறார். நிறுத்துவதாக இருந்தால் சொல்லிவிட்டு நிறுத்துங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

குறிப்பேட்டில் ஒரு விஷயம் இருக்கிறது. 2024 முழுக்கப் பெரும்பாலும் மூன்று, நாலு என்றுதான் எழுதியிருக்கிறேன். சரக்கு வரும் நாளில் ஐந்து. ஐப்பசியில் அப்பா திதிக்கு முந்தைய மூன்று நாள் மட்டும் எட்டு, எட்டு, ஒன்பது. எழுதும்போது எனக்குத் தெரியாது. டாக்டர்தான் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே வந்து அங்கே நிறுத்தி, இந்த வாரம் என்ன நடந்தது என்று கேட்டார்.

2025 பங்குனியில் தேர். நான் வேடிக்கை பார்க்கத்தான் போனேன். தெற்கு வீதியில் தேர் திரும்பும்போது முட்டுக்கட்டை போடுகிறவர்களின் சத்தம், வடம் பிடித்தவர்களின் சத்தம், நான் எப்போது கைவைத்தேன் என்று தெரியவில்லை. இருபது அடி இருக்கும். அவ்வளவுதான். மனைவி பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

மறுநாள் காலை படியில் பக்கவாட்டில் இறங்கிக்கொண்டிருந்தேன்.

"இது மாத்திர வலியா, தேரு வலியா?" என்றாள் கீழே நின்றுகொண்டு.

"தெரியல" என்றேன். "கொஞ்சம் தவிடு வறுத்துக் குடேன்."

"சட்டி அடுப்பு மேடையில இருக்கு. கடையில இல்லாத தவிடா? நீங்களே வறுத்துக்கங்க."

அம்மா திண்ணையிலிருந்து, "அடுப்பச் சின்னதா வையி தம்பி, கருகிடும்" என்றாள்.